சங்கத்துக் கிடாரம்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வங்கியொன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பிள்ளைகள் இருவரும் டொரன்டோவில். சென்ற ஆண்டு என் கணவர் காலமானார். அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கும்படி பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அனுப்பவும் தயாராக இருக்கிறார்கள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வட்ஸ்அப்பில் நாள்தோறும் வரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் உலர் உணவுப் பொதி, அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஆறு பேர், நடுவில் தலைகுனிந்து நிற்கும் ஒரு கிழவி. சுனாமிக்குப் பிறகு பெயர்ப்பலகையோடு வந்து இறங்கிய நிறுவனங்களில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன? உள்ளூர்த் தர்மமும் தொண்டு நிறுவனங்களும் சமூகத்தைப் பலப்படுத்துகின்றனவா, கையேந்தப் பழக்குகின்றனவா? நீங்கள் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், அங்குள்ள சங்கங்களைப் பற்றி எழுதியும் இருக்கிறீர்கள். அறக்கட்டளையைத் தொடங்கலாமா, வேண்டாமா என்று ஒரு வரியில் சொன்னாலும் போதும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி
வெள்ளவத்தை

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். ஒரு வரி முடிந்தது. காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1991இல் என் தகப்பனார் காலமானபோது ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். கொழும்பை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே தோட்டம் என்றால் தேயிலையும் கிடையாது, பூவும் கிடையாது. இரண்டு வீடுகளுக்கு ஒரு சுவர், இருபது வீடுகளுக்கு ஒரு குழாய் என்று வாழும் இடம். அப்பாவின் உயிர் விடியற்காலை நாலரைக்குப் பிரிந்தது. ஐந்தரைக்கு வாசலில் பந்தல்காலுக்குக் குழி தோண்டும் சத்தம் கேட்டது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவின் அழுகைச் சத்தமே போதுமானதாக இருந்தது. மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் ஒரு சிங்களவர், சந்தியில் சலூன் வைத்திருந்தவர். அலவாங்கோடு அவரே நின்றார். கதிரைகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் சங்கத்தின் முதலெழுத்துகள். வெள்ளைக் கொடிகள் வந்தன, பெரிய கேத்தல் வந்தது, தேநீர் ஊற்றுவதற்கு யாரோ ஒரு வீட்டுப் பையன் வந்தான்.

பிறகு பொருளாளர் வந்தார். அம்மாவின் கையில் ஓர் உறையைக் கொடுத்துவிட்டு, பேரேட்டைத் திறந்து கையெழுத்துக் கேட்டார். இந்த நேரத்திலா என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவோ அழுகையை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, தொகையை எண்ணிச் சரிபார்த்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். பதினேழு ஆண்டுகள் மாதம் தவறாமல் சந்தா கட்டியவர். அவருடைய பணம் அயலவர் பணத்தோடு கலந்து கிடந்துவிட்டு அன்று வீடு திரும்பியது, அவ்வளவுதான். யாருக்கும் அவர் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. மறுமாதம் அடுத்த ஒழுங்கையில் ஒரு சாவு. அதே கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு நான் போனேன்.

உங்கள் படத்தில் நிற்கும் கிழவியின் பெயரும் ஒரு தாளில் இருக்கும். அது விநியோகப் பட்டியல். அதில் அவருக்கு ஒரே ஒரு நிரல்தான் உண்டு: பெற்றவர். சங்கத்துப் பேரேட்டில் என் அம்மாவுக்கு இரண்டு நிரல்கள் இருந்தன. கையேந்தப் பழக்குவது எது, பழக்காதது எது என்று கேட்டீர்களே, நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டாவது நிரலைத்தான்.

சாவு வீட்டுக்கு மட்டும்தானே இந்தச் சங்கம் என்று நீங்கள் கேட்கக்கூடும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாய். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நகரின் பல இடங்களில் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோவில் மடங்களிலும் சமூக சமையலறைகள் தொடங்கின. எங்கள் பக்கத்திலும் ஒன்று. நான் போன முதல் நாள் அடுப்பில் இருந்த கிடாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வயிற்றுப் பகுதியில் அதே முதலெழுத்துகள், கரி படிந்து பாதி மறைந்து கிடந்தன. எட்டாம் நாள் சடங்குக்குச் சோறு ஆக்க வாங்கிய கிடாரம். விறகுக்குச் சொல்லிவைக்க ஆள் தெரியும், முந்நூறு பேருக்கு எத்தனை கிலோ பருப்பு என்பது தெரியும், எந்த வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பசியோடு இருக்கிறார்கள் என்பதும் தெரியும். பணம் மட்டும் இருக்கவில்லை. அது வெளியிலிருந்து வந்தது, வந்த அன்றே சோறானது. ஒரு புதிய நிறுவனம் இதையெல்லாம் தொடங்கியிருந்தால் முதல் மூன்று மாதம் கிடாரத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருவதிலேயே போயிருக்கும்.

2016 மே மாத வெள்ளத்திலும் இதுதான் நடந்தது. களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் நின்றபோது லொறி லொறியாகச் சோற்றுப் பார்சல் போனது. நானும் ஒரு லொறியில் போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒரே குடும்பத்துக்கு ஐந்தாவது பார்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெயிலில் கிடந்த மற்ற நான்கும் புளித்துப்போயிருந்தன. அந்த வீட்டுப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, தும்புத்தடி இருக்கிறதா?" என்று கேட்டார். தண்ணீர் வடிந்தால் வீட்டுக்குள் ஓரடிச் சேறு. தும்புத்தடியும் வாளியும் கிருமிநாசினியும் கொண்டுவந்தவர்கள் அந்தப் பகுதிப் பள்ளிவாசல் இளைஞர்கள்தான். ஒழுங்கை வாரியாக அவர்களிடம் ஒரு கொப்பி இருந்தது: கைக்குழந்தை எத்தனை, படுக்கையில் கிடக்கும் முதியவர் எத்தனை, இன்சுலின் ஊசி யாருக்கு. கொப்பியில் சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், முஸ்லிம் பெயர் எல்லாம் வீட்டு வரிசைப்படி கலந்து கிடந்தன.

நீங்கள் வங்கிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980களின் பத்து லட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில் கொழும்பின் சேரிக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேரத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1989இல் பெண்கள் வங்கி பிறந்தது. வாரம் 5 ரூபாய் சேமிப்பு. யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்பதைக் குழு கூடிப் பேசி முடிவுசெய்யும், பிணையும் குழுதான். உங்கள் வங்கியின் வாசலில் அந்தப் பெண்களைக் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பான் (கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அம்மாவையும் அப்படி ஒரு வங்கியில் அனுப்பியிருக்கிறார்கள்). அந்த 5 ரூபாய்கள் நாடு முழுவதும் பரவிய கூட்டுறவாக வளர்ந்தன. தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பத்துப் பெண்கள் வாரம் ஒருமுறை ஒரு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், அங்கே சாக்கடை அடைப்பும் பேசப்படும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனும் பேசப்படுவான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி குறையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனையில் என்னைத் தெரிந்தவர்களே சிரிப்பார்கள். எங்கள் சங்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களை நெடுங்காலம் சேர்க்கவில்லை. பெண்கள் சந்தா கட்டலாம், பதவிக்கு வரக் கூடாது என்றும் இருந்தது. ஒரு பொருளாளர் இரண்டு ஆண்டுச் சந்தாவோடு ஊரைவிட்டே போனார். 1983 ஜூலையில் சங்கம் எங்களைக் காக்கவில்லை. அதன் உறுப்பினர் இரண்டு பேர் காத்தார்கள், வேறு சில உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவுகள் எவை என்பது எனக்கு இன்னும் தெரியும், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கதிரை சுமந்திருக்கிறேன். அயல் என்பது இவ்வளவுதான், இவ்வளவும்தான்.

எல்லாவற்றையும்விட மோசமானது மூன்று மாத விதி. தொடர்ந்து மூன்று மாதம் சந்தா கட்டாவிட்டால் பெயர் வெட்டப்படும். நியாயமான விதிதான், இல்லாவிட்டால் சங்கம் நடக்காது. ஆனால் 2020இல் ஊரடங்கில் கூலிவேலை நின்றபோது யாருடைய பெயர்கள் வெட்டப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்தவர், வீட்டு வேலைக்குப் போனவர், முச்சக்கரவண்டியை லீசிங்காரர் தூக்கிக்கொண்டு போனதால் வெறுங்கையோடு நின்றவர். சங்கம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் சங்கத்துக்கு வெளியே போனவர்கள். உள்ளூர்க் கை எட்டாத இடம் இதுதான். டொரன்டோப் பணத்துக்கு இங்கே வேலை இருக்கிறது: நிலுவைச் சந்தாவைக் கட்டிப் பெயரைப் பேரேட்டுக்குள் திரும்பக் கொண்டுவருவது. படம் எடுக்க முடியாது. கட்டியவர் யார் என்பதைச் செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவும் தேவையில்லை.

புதிய அறக்கட்டளை வேண்டாம் என்று சொல்ல மற்றொரு காரணம் செலவு. பதிவு, சட்டத்தரணி, ஆண்டுக் கணக்காய்வு, ஒரு பகுதிநேர எழுதுவினைஞர் என்று உங்கள் ஐந்து லட்சத்தில் ஒரு பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே காகிதமாகிவிடும். பழைய சங்கம் ஒன்று புதிய தேவைக்கு வளையும். கொம்பனித்தெருவில் பிரென்ட் இன் நீட் சொசைட்டி இருக்கிறது. 1831இல் ஆங்கிலேயர் காலத்தில் நகரத்து ஏழைகளுக்காகத் தொடங்கியது. 1985இலிருந்து அங்கே ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் செய்கிறார்கள். தொடங்கியவர்களில் யாரும் கண்ணிவெடியைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

சுனாமிக்குப் பின் வந்த நிறுவனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனமில்லை, நல்ல கிணறுகளும் நல்ல பாடசாலைகளும் அவர்கள் கட்டியவை. திட்டக்காலம் முடிந்தது, போனார்கள். போகும்போது பேரேட்டை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் கணவரின் பெயர் நிலைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை நாள்தோறும் கடந்து போகிறோம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் தகப்பனின் நினைவாக 1923இல் கட்டியது. அதன் அடியில் மாம்பழம் விற்பவரிடம் கான் யார் என்று ஒருமுறை கேட்டேன். "இந்திப் பட நடிகர்" என்றார். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1879இல் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தார். கொழும்பில் பிறந்த பாதிப்பேர் "நான் சொய்சாவில் பிறந்தவன்" என்கிறார்கள். சொய்சா யார் என்று அவர்களுக்கும் தெரியாது, ஆனால் பிறந்த ஊரைச் சொல்வதுபோல அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கதிரை முதுகில் எழுதலாம். எங்கள் சங்கத்துக்கு எண்பது கதிரை வேண்டும், இருப்பவற்றில் பாதிக்குக் கால் இல்லை.

பணத்தைவிட அங்கே தட்டுப்பாடாக இருப்பது உங்களைப் போன்ற ஓர் ஆள். முப்பத்திரண்டு ஆண்டு வங்கி அனுபவம், பிரதேச செயலகத்திலிருந்து வரும் சிங்களக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரிந்த கை. 2019க்குப் பிறகு கணக்கு யாராலும் சரிபார்க்கப்படவில்லை. இப்போது பொருளாளராக இருப்பவர் ஒரு பெண், சங்கத்தின் முதல் பெண் பொருளாளர். நேர்மையானவர், ஆனால் வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டுத் தானே குழம்புகிறார். கூட்டம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, முன்பள்ளிக் கட்டடத்தில். சின்னப் பிள்ளைகளின் வாங்குகள்தான் இருக்கும், முழங்கால் நோகும். 155ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அந்த அம்மாவின் எழுத்து எறும்பு எழுத்து.