அண்டோராவை ஆள்வது பிரான்ஸ் அதிபர் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடான அண்டோராவுக்கு இரண்டு இளவரசர்கள். ஒருவர் பிரான்ஸ் அதிபர், இன்னொருவர் ஸ்பெயினில் இருக்கும் உர்ஜெல் ஆயர். இரண்டு பேருமே அண்டோராக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை!

1278-இல் உர்ஜெல் ஆயரும் தெற்கு பிரான்சில் இருக்கும் ஃபுவாவின் பிரபுவும் அண்டோரா யாருக்கு என்ற சண்டையை முடிக்க, ஆளுக்குப் பாதி உரிமை என்று ஒப்பந்தம் போட்டார்கள். பிரபுவின் பங்கு பிற்பாடு பிரெஞ்சு மன்னர்களுக்குப் போனது. மன்னராட்சி ஒழிந்த பிறகு அதிபர்களுக்கு வந்தது. அதாவது, குடியரசின் தலைவர் பக்கத்து நாட்டில் இளவரசர்! இந்த வேடிக்கை வேறெங்கும் இல்லை.

ஆனால் 1993 அரசியலமைப்புக்குப் பிறகு இளவரசர் பதவி பெரும்பாலும் அலங்காரம்தான். மக்கள் தேர்ந்தெடுக்கும் 28 உறுப்பினர் மன்றமும் அது தேர்ந்தெடுக்கும் அரசாங்கத் தலைவரும்தான் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். அதே ஆண்டில்தான் ஐ.நா.விலும் சேர்ந்தார்கள்.

நாடு முழுக்க பிரனீஸ் மலைதான். பரப்பு 468 சதுர கிலோமீட்டர். ரயிலும் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. தலைநகர் அண்டோரா லா வெல்லா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்சிமொழி கட்டலான். அங்கே வசிப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள், முக்கியமாக ஸ்பெயின், போர்ச்சுகல்காரர்கள். வருமானத்துக்குப் பனிச்சறுக்கும் குறைந்த வரியில் நடக்கும் கடை வியாபாரமும் பெரிய துணை.