காஞ்சனா ஏன் இல்லை? – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் திகில் படப் பட்டியலைப் படித்தேன். அதில் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ இருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை, எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி ஒருத்தி கொலைகாரனைத் தேடும் கதை. ஆனால் மூன்று ஆவிகள் ஒரே ஆளுக்குள் புகுந்துகொள்ளும் ‘காஞ்சனா’ இல்லை. தமிழ்ப்படம் என்றால் இளக்காரமா? எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் மூன்று நாள் திகில் படங்கள் போடப்போகிறோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தினமும் சண்டை. உங்கள் அளவுகோல் என்ன?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

இளக்காரமெல்லாம் இல்லை. ‘காஞ்சனா’வை (2011) நானும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தவன்தான். நீங்கள் ஆவிகளை எண்ணுகிறீர்கள். நான் பார்ப்பது, படம் ஓடும்போது பயப்படுவது யார் என்பதை.

‘காஞ்சனா’வில் அந்த வேலையை லாரன்ஸே செய்துவிடுகிறார். ராத்திரி பாத்ரூம் போக அம்மா துணைக்கு வரவேண்டும். சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்க் கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்கிறார். அவர் பயப்படப் பயப்பட நமக்குச் சிரிப்பு வருகிறது. அப்புறம் சரத்குமாரின் கதை வந்ததும் ஆவி நம் கட்சி ஆகிவிடுகிறது. வில்லனை எப்போது பிடிக்கும் என்று காத்திருந்து விசிலடிக்கிறோம். அருமையான பழிவாங்கும் படம். பேய் இருக்கிறது, திகில்தான் இல்லை.

‘சைலன்ஸ்’ பெரும்பாலும் துப்பறியும் கதைதான், சரி. ஆனால் கடைசியில் வரும் அந்த நிலவறையை நினைத்துப் பாருங்கள். விளக்கு அணைகிறது. கொலைகாரன் இருட்டில் பார்க்கும் கண்ணாடியை மாட்டியிருக்கிறான். அந்தப் பயிற்சி மாணவி கிளாரிஸ் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடுமாறுவதை அவன் கண் வழியாகவே நமக்குக் காட்டுகிறார்கள், எல்லாம் பச்சையாக. அவன் கை நீண்டு அவள் தலைமுடிக்குப் பக்கத்தில் போகிறது. அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆனால் ஒன்றும் செய்யமுடியாது. போதாததற்கு அந்தக் கை நம் கை மாதிரியே இருக்கிறது. இதற்குமேல் பேய் எதற்கு? சிறந்த படம் உட்பட ஐந்து முக்கிய ஆஸ்கர்களை 1992இல் வாங்கிய படம் என்பதால்தான் பலரும் அதை ‘உளவியல் த்ரில்லர்’ என்று மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விருதுக்காரர்கள் போடும் பிரிவை நம்பவே வேண்டாம். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கறுப்பின இளைஞனின் உடலையே பறிக்கப் பார்க்கும் ‘கெட் அவுட்’ (2017), கோல்டன் குளோபில் ‘இசை அல்லது நகைச்சுவை’ப் பிரிவில் நின்றது. அதன் இயக்குநர் ஜோர்டன் பீல், தன் படம் ஓர் ஆவணப்படம் என்று ஒரே வரியில் ட்வீட் போட்டார்.

நம் ஊரில் எனக்குப் பிடித்த உதாரணம் ‘பீட்சா’ (2012). (பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.) பீட்சா கொடுக்கப்போன பையன் பூட்டிய பங்களாவுக்குள் டார்ச் லைட்டோடு மாட்டிக்கொள்கிறான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்க்கிறோம். கடைசியில் அவ்வளவும் அவன் கட்டிய கதை என்று தெரிகிறது. கதை பொய், சரி. ஆனால் அரங்கில் நாம் பட்ட பயம்? அதைத் திருப்பிக் கொடுக்கமுடியுமா? முடிவில் நிஜப் பேய் தலைகாட்டாமல் போயிருந்தாலும் அது திகில் படம்தான் என்பேன்.

உங்கள் மன்றத்தில் நியாயமாகச் சண்டை வரவேண்டியது ‘சந்திரமுகி’க்கு (2005). பேய் பிடித்தது என்று நம்பவைத்து, அது மனநோய் என்று மருத்துவர் விளக்கும் படம். ஜோதிகா முகம் மாறிக் கட்டிலைத் தூக்கும் இடம் சுத்தமான திகில். அதற்கு முன்னும் பின்னும் வடிவேலு. பிரபு கலங்கிப்போய்ச் சொன்ன ‘என்ன கொடுமை சரவணன் இது’வை இன்று காபியில் சர்க்கரை குறைந்தால்கூடச் சொல்கிறோம். நான் அதைப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அந்த ஒரு காட்சிக்காகச் சேர்க்கவேண்டும் என்று யாராவது மல்லுக்கு நின்றால் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

முதல் நாள் ‘பீட்சா’ போடுங்கள், இரண்டாம் நாள் ‘சைலன்ஸ்’. ‘காஞ்சனா’வைக் கடைசி நாள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதற்குத்தான் வரும்.