4கே டிவி வாங்கியும் படம் வெளுத்துப்போய், எழுத்து கலங்கலாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் சரிசெய்ய முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 55 அங்குல 4கே டிவி இருக்கிறது, லேப்டாப்பையும் எச்டிஎம்ஐ வழியாக அதில் இணைத்துப் பார்க்கிறீர்கள். கருப்பு கருப்பாக இல்லை, எழுத்துகளின் ஓரம் கலங்குகிறது, முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கின்றன. லேப்டாப்பின் சொந்தத் திரை அதைவிட மோசம். புதிதாக எதுவும் வாங்காமல் தேற்ற முடியுமா?

டிவியைக் கட்டாயம் தேற்றலாம். லேப்டாப் திரை சந்தேகம்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வீடியோ எடிட்டிங் வேலையில் இருப்பவன். தெரிந்தவர்கள் யாராவது டிவி வாங்கினால், "ஒரு எட்டு வந்து செட் பண்ணிக் கொடுத்துட்டுப் போ" என்பார்கள். போய் நான் செய்வதில் முக்கால்வாசி, எதையாவது அணைப்பதுதான். டிவி தன் பங்குக்குப் படத்தில் சேர்ப்பதை எல்லாம் நிறுத்தினாலே பாதி குறை தீர்ந்துவிடும்.

முதலில் பிக்சர் மோட். பெட்டியைப் பிரித்ததும் டிவி பெரும்பாலும் ‘ஸ்டாண்டர்ட்’, ‘விவிட்’, ‘டைனமிக்’ இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கும். வெளிச்சம் கொட்டும் கடையில், வரிசையாக நிற்கும் டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்கான ஏற்பாடு இது. நீலம் கலந்த வெள்ளை நம் கண்ணுக்கு இன்னும் பளிச்சென்று படும் என்பதால், வேண்டுமென்றே நீலத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். வீட்டுத் திரைக்கான பதிப்பைத் தயாரிப்பவர்களோ 6500 கெல்வினை ஒட்டிய, டி65 எனப்படும் வெள்ளையை வைத்துத்தான் நிறம் திருத்துகிறார்கள். அதனால் ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபிலிம்மேக்கர்’, எது உங்கள் டிவியில் இருக்கிறதோ அதற்கு மாறுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது டிவி நிறுவனங்களும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த அல்ட்ரா எச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2019-ல் அறிவித்தது; டிவியின் ‘மெருகேற்றும்’ வேலைகளை ஒரே அமுக்கில் நிறுத்திவிடும்.

மாற்றிய உடனே படம் மஞ்சளடித்து, மந்தமாகத் தெரியும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். கண் பழகியபின் பழைய மோடுக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், எல்லார் முகத்திலும் நீலம் ஏறியிருப்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ஷார்ப்னஸ். எழுத்து கலங்கினால் எல்லாரும் முதலில் இதைத்தான் கூட்டுவார்கள். வெளிர் சாம்பல் பின்னணியில் கருப்பு எழுத்து உள்ள ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு, ஷார்ப்னஸை மேலே ஏற்றிக்கொண்டே கிட்டப் போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். அது படத்தில் இல்லாத கோடு. ஓரத்தின் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கி, இருட்டுப் பக்கத்தை இன்னும் கருப்பாக்குவது மட்டுமே ஷார்ப்னஸ் செய்யும் காரியம். இல்லாத நுணுக்கத்தை அதனால் கொண்டுவர முடியாது. எழுத்தில் தெரியும் இதே கோடு முகத்தில் தோலைச் சொரசொரப்பாக்கும், தலைமுடியைக் கம்பியாக்கும். பல டிவிகளில் சரியான அளவு 0 அல்லது அதற்குச் சற்று மேலே. சில மானிட்டர்களில் நடுவில்தான் இயல்பு நிலை, அதற்குக் கீழே போனால் படத்தை மழுக்க ஆரம்பிக்கும். ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள். வெள்ளைக் கோடு மறையும் வரை குறையுங்கள், எழுத்து மழுங்கத் தொடங்குமுன் நிறுத்துங்கள்.

மெழுகு முகத்துக்கு வேறு இரண்டு பேர் பொறுப்பு. ஒன்று நாய்ஸ் ரிடக்‌ஷன். பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகளை வழித்தெடுக்கிறேன் என்று தோலின் துளைகளையும் சேர்த்து வழித்துவிடும். பழைய, தரம் குறைந்த சேனல் ஒளிபரப்புக்கு மட்டும் ‘லோ’வில் வைக்கலாம், மற்றதற்கு அணைத்துவிடுங்கள். இன்னொன்று மோஷன் ஸ்மூத்திங். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று ஆளுக்கொரு பெயர். சினிமா நொடிக்கு 24 பிரேம். அவற்றுக்கு நடுவே டிவியே கற்பனையாகப் பிரேம்களை உண்டாக்கிச் செருகுவதால்தான் பெரிய பட்ஜெட் படமும் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. கை வேகமாக அசையும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், விரல்களைச் சுற்றிப் படம் கிழிந்து ஒட்டிய மாதிரி இருக்கும். விளையாட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பந்து தெளிவாகத் தெரியும். சினிமாவுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, கருப்பு கருப்பாக இல்லாத விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் லேப்டாப்புக்கும் டிவிக்கும் இடையிலுள்ள உடன்பாட்டின் மேல்தான். கணினி உலகில் 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. வீடியோ உலகில் 16 கருப்பு, 235 வெள்ளை. லேப்டாப் 16-லிருந்து 235 வரை அனுப்பி, டிவி 0-விலிருந்து 255 வரை எதிர்பார்த்தால், கருப்பாக வர வேண்டியது 16 என்ற அடர் சாம்பலாக நின்றுவிடும், வெள்ளையும் 235-லேயே மங்கி நிற்கும். மொத்தப் படத்தின் மேலும் புகை படிந்த மாதிரி இருக்கும். தலைகீழாக நடந்தால் இருட்டுப் பகுதிகள் எல்லாம் ஒரே மையாக அடைத்துக்கொள்ளும். லேப்டாப்பின் கிராபிக்ஸ் மென்பொருளில் ‘ஃபுல்’, ‘லிமிடெட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். டிவியில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ அல்லது வெறுமனே ‘பிளாக் லெவல்’ என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். இதில் சிக்கல் இருந்தால் காமா, கான்ட்ராஸ்ட் என்று எதைத் திருகினாலும் தீராது.

விண்டோஸில் எச்டிஆரை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் முறையை, நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சாதாரணப் படமும் டெஸ்க்டாப்பும் அதில் வெளுத்துத் தெரிவது ரொம்பச் சகஜம். எச்டிஆர் வீடியோ பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் பிரைட்னஸ். இதில் ஒரு குழப்பம் உண்டு: சில டிவிகளில் அது பின்விளக்கின் அளவு, சிலவற்றில் கருப்பு எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதற்கான திருகு. நகர்த்தினால் தெரிந்துவிடும். கருப்புக் கோட்டு போட்டவர் இருட்டில் நிற்கும் காட்சி ஒன்றை, மேலும் கீழும் கருப்புப் பட்டை உள்ள படமாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணையுங்கள். கருப்பு அளவைக் கூட்டினால் பட்டைகள் சாம்பலாக மாறும். குறைத்தால் கோட்டின் மடிப்பும் காலரும் காணாமல் போகும். பட்டை கருத்து, மடிப்பு மட்டும் மங்கலாகத் தெரிகிற இடத்தில் விட்டுவிடுங்கள். கான்ட்ராஸ்டுக்கு இதே வேலையை வெள்ளைச் சட்டையில் செய்யலாம். பொத்தானும் தையலும் தெரிந்தால் சரி. பின்விளக்கை மட்டும் உங்கள் அறை வெளிச்சத்துக்கு ஏற்ப எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து கலங்கலுக்கு நான் மூன்று இடத்தில் தேடுவேன். முதலில் ஓவர்ஸ்கேன். படக்குழாய் டிவி காலத்தில் ஓரம் ஒழுங்காக வராது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சில டிவிகளில் விடாமல் தொடர்கிறது. விண்டோஸின் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் இதுதான் காரணம். ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பது போன்ற தேர்வைப் போட்டால் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்று வந்துவிடும்.

இரண்டாவது, நிறத் தகவலைச் சுருக்குவது. வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும், நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் அனுப்பும் 4:2:0 முறை உண்டு. சினிமா பார்க்கையில் யாருக்கும் தெரியாது. ஆனால் கருப்பின் மேல் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள், சிவப்பு கசிந்து பக்கத்தில் ஈஷிக்கொண்டிருக்கும். டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் பல டிவிகள், நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகக் காட்டும் 4:4:4-க்கு மாறிவிடும். வெறும் பெயர் மாற்றத்துக்கு இவ்வளவு பலன் இருப்பது எனக்கே இன்னும் வேடிக்கைதான்.

மூன்றாவது, ரெசல்யூஷன். திரையின் சொந்த அளவிலேயே எப்போதும் வைத்திருங்கள். எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று ரெசல்யூஷனைக் குறைக்கவே குறைக்காதீர்கள். விண்டோஸில் ஸ்கேலிங்கை 150, 200 சதவீதம் என்று கூட்டுங்கள், எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் வசதியையும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும், அதாவது 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள், இரு பக்கமும் அதற்கேற்ற போர்ட். சில டிவிகளில் போர்ட்டின் முழு வேகத்தையும் மெனுவில் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். இது டிஜிட்டல் சிக்னல். கேபிள் போதவில்லை என்றால் படம் விட்டு விட்டு அணையும், புள்ளிகள் மின்னும். தங்க முலாம் பூசியதால் நிறம் கூடாது.

4கே வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்குத் திரை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. அது கிடைத்தாலும், நீங்கள் கட்டும் திட்டத்தில் 4கே அடங்கியிருக்க வேண்டும், செயலியில் டேட்டா சேவர் அணைந்திருக்க வேண்டும், எச்டிஎம்ஐ வழியில் எல்லாக் கருவியும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைப் பேச வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சத்தமில்லாமல் தரம் இறங்கிவிடும். லேப்டாப்பில் பிரவுசர் வழியாகப் பார்த்தால், பிரவுசரைப் பொறுத்து 4கே கிடைக்காமலும் போகலாம். டிவியின் உள்ளேயே இருக்கும் செயலியில் அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். மொபைலிலும் இதே கதைதான்: ஆண்ட்ராய்டில் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் உயர்நிலையான எல்1 சான்று இல்லாமல், கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால், எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் பெரும்பாலான செயலிகள் எச்டி தராது.

தூரமும் ஒரு விஷயம். சாதாரணமாக நல்ல பார்வை பிரித்தறிவது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 55 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் ஒரு பிக்சல் சுமார் 0.63 மில்லிமீட்டர், அதைத் தனியாகப் பார்க்க 2.2 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கே-யின் பிக்சல் அதில் பாதி, 1.1 மீட்டர். மூன்று மீட்டர் தள்ளிச் சோபாவில் இருப்பவருக்குப் பிக்சல் எண்ணிக்கையால் ஒரு லாபமும் இல்லை. அந்தத் தூரத்தில் படத்தை நல்லதாக்குவது கருப்பின் ஆழமும், நிறமும், அளவுக்கு மீறிச் சுருக்கப்படாத வீடியோவும்தான்.

அறையையும் மறக்க வேண்டாம். ஜன்னலுக்கு நேர் எதிரே திரை இருந்தால் எந்த மெனுவாலும் கருப்பைக் காப்பாற்ற முடியாது, திரையைத் திருப்புங்கள் அல்லது திரைச்சீலை போடுங்கள். துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் துணியில் மட்டும் லேசாகத் தண்ணீர். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் திரையின் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்.

இனி லேப்டாப் திரை. நைட் லைட், தானியங்கி பிரைட்னஸ், பேட்டரி சேமிக்கத் திரையை மங்கவைக்கும் வசதி, இவை மூன்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். தேறவில்லை என்றால் பேனலே அவ்வளவுதான். தலையைச் சற்று மேலும் கீழும் நகர்த்தினாலே நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன் என்ற மலிவு எல்சிடி வகைப் பேனல். எந்தக் கோணத்திலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகையாக இருந்தும் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரிந்தால், கணினித் திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மட்டுமே காட்டும் மலிவுப் பேனலாக இருக்கும். சாச்சுரேஷனைக் கூட்டினால் இல்லாத சிவப்பு வராது. இருக்கிற சிவப்பு எல்லாம் ஒரே திட்டாகி, ரோஜாவின் இதழ் மடிப்புகள் அழிந்துபோகும். இணையத்தில் யாரோ ஏற்றிய கலர் புரொஃபைலை, அதாவது திரையின் நிறத்தைத் திருத்தும் கோப்பை, இறக்கிப் போடுவதும் வேண்டாம். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் மாறும், அதை அளக்கும் கருவியை உங்கள் திரையிலேயே ஒட்டி எடுத்தால்தான் அர்த்தம். அச்சுக்கோ நிறத் திருத்தத்துக்கோ வேலை செய்யாதவர்களுக்கு அந்தக் கருவியும் தேவையில்லை.

அந்த லேப்டாப்பில் படம் பார்ப்பதை விட்டுவிட்டு டிவியிலேயே பாருங்கள். என்றாவது புதிது வாங்கினால், எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா, வெளிச்சம் 300 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) மேல் இருக்கிறதா என்று இந்த இரண்டை மட்டும் பாருங்கள். டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி அந்தச் சான்றுக்குக் கட்டாயமில்லை, அது இல்லாமல் எல்சிடியில் எச்டிஆர் பெயரளவுக்குத்தான்.