மோட்டாரு முட்டை போடுமுங்களா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அறிவியல், தொழில்நுட்பச் செய்தி எது வந்தாலும் பெரியப்பாதான் முதலில் போடுவார். போன வாரம் ஒரு வீடியோ போட்டார். கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம், காந்தத்தாலேயே போர் மோட்டார் ஓடுமாம். முன்பணம் கட்டப் போவதாகவும் எழுதினார். நான் 'டுபாக்கூர்' என்று பதில் போட்டேன். அண்ணன் மகன், 'ஏனுங்க அப்பாரு, இந்த மோட்டாரு முட்டை போடுமுங்களா?' என்று கேட்டான். குரூப்பே சிரித்தது. பெரியப்பா 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர். கோபத்தில் குரூப்பை விட்டே போய்விட்டார். ஆனால் முன்பணம் கட்டுவதில் உறுதியாக இருக்கிறார். இப்படிப்பட்ட செய்திகளை எப்படிச் சீக்கிரம் எடைபோடுவது? சிரிப்பும் வர வேண்டும், விஷயமும் இருக்க வேண்டும், சண்டை வரக்கூடாது. வழி உண்டா?
வாசகர், அன்னூர்

பதில்: முதலில் அவசர வேலை. பணம் கட்டுகிற நாள் எதுவென்று விசாரித்து, அதற்கு முன்னால் பெரியப்பாவை நேரில் போய்ப் பாருங்கள். குரூப்பில் நடந்ததைக் கிளற வேண்டாம், மோட்டாரைப் பற்றி மட்டும் பேசுங்கள். இதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீங்கள் எழுதிய 'டுபாக்கூர்' வெறும் தீர்ப்பு, காரணம் இல்லாத தீர்ப்பு. பையன் கேட்டது அசல் கோயமுத்தூர் குசும்பு, 'ங்க' போட்டுக்கொண்டே குத்துகிற ரகம். ஈமு வளர்த்தால் லாபம் என்று பணம் வாங்கி ஏமாற்றிய பெருந்துறைக் கதை தெரிந்த எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் குத்து விழுந்தது பெரியவர் மேல். மோட்டார் மேல் ஒரு கீறலும் இல்லை.

மோட்டாருக்கு வருவோம். உங்கள் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர் சாதாரணம். அந்த ஆழத்திலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும்? ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. ஆயிரம் அடி 305 மீட்டர். இரண்டையும் பெருக்கி, புவியீர்ப்புக்கு 9.8-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட், அதாவது 4 ஹெச்.பி. தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டியது மட்டுமே இவ்வளவு. பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகும் என்று வைத்தால் 8 ஹெச்.பி. ஆகிவிடும். உள்ளே காந்தம் இருந்தாலும் சரி, மந்திரம் இருந்தாலும் சரி, மணிக்கு 3 யூனிட் சக்தி தண்ணீரோடு மேலே ஏறியாக வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

காந்தத்திலிருந்து வருகிறது என்பார்கள். காந்தம் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழுத்துக்கொண்ட இரும்பைத் திரும்பப் பிரிக்க வேண்டுமே, அதற்கு இழுத்தபோது கிடைத்த அதே சக்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்து கணக்குப் பார்த்தால் வரவும் செலவும் சரி. பேரிங் உராய்வைச் சேர்த்தால் நஷ்டம். அப்படியானால் வீடியோவில் சுற்றுவது? கையால் தள்ளிவிட்ட கனமான சக்கரமாக இருக்கலாம், மேஜைக்கு அடியில் ஒரு பேட்டரி இருக்கலாம். சும்மா சுற்றிக் காட்டுவது சுலபம். பாரத்தோடு சுற்ற வேண்டும்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்வதற்கு முன் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லுங்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்கள் நிஜமாகவே இருக்கின்றன. கரண்டை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்குள் இருப்பது அதுதான். சோலார் பம்புகளிலும் அந்த வகை மோட்டார் வருகிறது. அவை கரண்டைக் குறைவாக எடுக்கும், எடுக்காமல் ஓடாது. அவர் கேட்ட செய்தியில் பாதி உண்மை இருப்பதை நீங்களே எடுத்துக் கொடுத்தால், மீதிப் பாதியைக் காது கொடுத்துக் கேட்பார்.

விற்பவரிடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பம்புகளைச் சோதித்து அறிக்கை தர கோவையிலேயே சிடார்க் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நாட்டுக்கே பம்பு செய்து அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சோதனை அறிக்கை இல்லாத மோட்டாரை வாங்குவானேன்? அநேகமாகக் காப்புரிமை விண்ணப்ப எண் ஒன்றைக் காட்டுவார்கள். விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம், கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு அப்பட்டமாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, குரூப்பிலும் போடக்கூடியதாக ஒரு வரி: 'பெரியப்பா, நம்ம போர்லயே ஒரு நாள் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. தண்ணி வந்துச்சுன்னா முன்பணமென்ன, முழுப்பணமும் நானே கட்டறனுங்க.'

தைரியமாகச் சொல்லலாம், பணம் போகாது. இதே மாதிரிப் பந்தயத்தை ஒரு இயற்பியலாளர் உலகறியக் கட்டியிருக்கிறார். 2011 செப்டம்பரில், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை விட 60 நானோ நொடி முந்தி வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிரிட்டனின் ஜிம் அல்-கலீலி, இது உண்மையென்று நிரூபணமானால் தன் உள்ளாடையைத் தொலைக்காட்சி நேரலையில் தின்று காட்டுவதாக அறிவித்தார். ஒளிவேக வரம்பு சரிந்தால் அதன் மேல் கட்டிய இயற்பியலில் எவ்வளவு சரியும் என்று தெரிந்தவர் என்பதால்தான் அவ்வளவு துணிச்சல்.

அந்த வாரம் இணையத்தில் சுற்றிய ஜோக் ஒன்றை நம் ஊர்ப் பேக்கரிக்கு மாற்றிச் சொல்கிறேன். 'ஒளியை முந்தறவங்களுக்கு இங்க டீ கிடையாதுங்க' என்றார் கடைக்காரர். கடைக்குள் ஒரு நியூட்ரினோ நுழைந்தது. அவ்வளவுதான் ஜோக். ஒளியை முந்துகிற ஒன்று இருந்தால், சிலர் பார்வையில் விளைவு முதலிலும் காரணம் பிறகும் நடக்கும் என்பது சார்புக் கொள்கையின் முடிவு. அதனால்தான் பதில் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறது. விளங்காதவர் விளக்கம் கேட்பார், விளக்கியதும் ஒரு பாடம் நடந்துவிடும். இந்த ரகத்தைத்தான் நான் முதல் தரம் என்பேன்: விஷயத்தை எடுத்துவிட்டால் சிரிப்பும் போய்விடும்.

2012-ல் காரணம் தெரிந்தது. ஒரு கண்ணாடி இழை கேபிள் சரியாக மாட்டப்படவில்லை. லூஸ் காண்டாக்ட்! காந்திபுரத்தில் எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டிருந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆய்வுக் குழுவைக் கேலி செய்வது நியாயமில்லை. எங்கள் கணக்கில் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று உலகத்தைக் கேட்டதே அவர்கள்தான்.

சரி, இப்படிப்பட்ட பதில்கள் எங்கிருந்து வருகின்றன? செய்தி விட்டுவிட்ட ஒரு விவரத்திலிருந்து. பெரும்பாலும் அது ஒரு எண்ணாகவோ, அந்த எண்ணின் அலகாகவோ இருக்கும். அதை நமக்குப் பழகிய அலகுக்கு மாற்றுங்கள், குசும்பு தானாக வரும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், சூரியனுக்குள் நடக்கிற அணுக்கரு இணைவைச் செய்து பார்த்தபோது 2.05 மெகாஜூல் லேசர் சக்தியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தது. 'சூரியனைப் பூமிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்' என்று தலைப்புகள் பறந்தன. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். ஆக, சூரியன் கொடுத்தது ஒரு யூனிட் கூட இல்லை. அந்த லேசர்களை ஓட்டச் சுவரிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று தமிழக அரசு 2016-ல் அறிவித்ததே 100 யூனிட். இனி பதில் எழுதுவது கஷ்டமா? 'சூரியனுக்கு மீட்டர் வெச்சுப் பார்த்தாங்களாமுங்க. முக்கால் யூனிட்டு சொச்சம் ஓடியிருக்குதுங்க. நாம குடுத்த 83 யூனிட்டுக்கு யாரு பில்லு கட்டறதுங்க?' சிரித்து முடித்த பிறகு அடுத்த வரியில் உண்மையையும் எழுதுங்கள். இலக்கில் விழுந்த லேசர் சக்தியை விட அதிகமாக அதிலிருந்து வெளியே வந்தது வரலாற்றில் அதுதான் முதல் முறை. சாதனை சாதனைதான், தலைப்புதான் அவசரப்பட்டது.

நம்ப முடியாத செய்தி உண்மையாக இருக்கும் நாளும் வரும். அரைகுறைக் குசும்பர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். 2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம், ஐந்து நிமிட சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓடும் கார்களை அறிவித்தது. எங்கள் தெருவில் ஒருவர் 'ரீல்' என்று கை தட்டினார். ரீல் இல்லை. அந்தச் சார்ஜரின் திறன் 1,000 கிலோவாட். அதைப் பார்த்த பிறகு கேள்வி காரை விட்டு ஊருக்குத் திரும்புகிறது. 5 ஹெச்.பி. என்பது 3.7 கிலோவாட், அந்தக் கணக்கில் ஒரு சார்ஜர் 270 பம்புக்குச் சமம். கிராமத்து 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பத்து வேண்டும். 'காருக்குச் சார்ஜ் ஏறுமுங்க, ஊருக்குக் கரண்டு இறங்குமுங்க' என்று எழுதினால் கேலியும் உண்டு, பொறியியலும் உண்டு. நிறுவனமே மின்சாரத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உடனே பதில் தெரியாவிட்டால் பேசாமல் இருப்பதும் ஒரு பதில். 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருள் வந்தது, சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் என்றார்கள். டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், நடக்கவில்லை. அதில் கலந்திருந்த செப்பு சல்பைடு காட்டிய வித்தை அது என்று ஆகஸ்டு நடுவிலேயே தெளிவாகிவிட்டது. 'ஆடி முடியட்டுமுங்க, பார்த்துக்கலாம்' என்று அப்போது எழுதியவர்தான் ஜெயித்தவர்.

திருத்தம் சொல்வதானால் ஆண்டும் இடமும் போட்டுச் சொல்லுங்கள். 2023 பிப்ரவரியில் கேட்டதற்குப் பதில் சொல்லும் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் செயலி பார்ட், சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதலில் படம் எடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டது. வானியல் தெரிந்த வாசகர்கள் விடவில்லை: அந்த முதல் படம் 2004-ல் சிலியில் இருந்து எடுக்கப்பட்டது. ஒரே வரி, யாரும் சரிபார்க்கலாம். அது பரவிய நாளில் கூகுளின் தாய் நிறுவனத்துப் பங்கு மதிப்பு 10,000 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது. 'டுபாக்கூர்' என்று எழுதியிருந்தால் ஒரு டாலர் கூட இறங்கியிருக்காது.

மருத்துவச் செய்திக்கு மிகச் சிறந்த பதிலை ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019-ல் கண்டுபிடித்தார். புது மருந்து, நோய் ஒழிந்தது என்று வரும் செய்திகளைப் பகிர்ந்து, மேலே 'எலிகளில்' என்று மட்டும் எழுதுவதற்காகவே ட்விட்டரில் ஒரு கணக்குத் தொடங்கினார். தலைப்பு விழுங்கிய சொல்லைத் திருப்பி வைப்பது தவிர அவர் எதுவும் செய்யவில்லை. நம் பக்கம் அதிகம் சுற்றுவது மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, புற்றுநோயை ஒழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இந்தப் பெருமைக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் மஞ்சளில் சில சதவீதம்தான், அதையும் உடல் சரியாக உறிஞ்சுவதில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை அது அழித்திருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் கறாராக நடத்திய ஒப்பீட்டுச் சோதனை எதிலும் வெற்றி இல்லை என்று 2017-ல் வந்த விரிவான திறனாய்வு ஒன்று சொல்லிவிட்டது. 'கண்ணாடித் தட்டுக்கு ரொம்ப நல்லதுங்க அத்தை' என்று எழுதினால் போதும்.

ஆனால் அந்தச் செய்தியைப் போட்டவர் வீட்டில் யாருக்காவது நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள். இருந்தால் ஜோக்கும் வேண்டாம், குரூப்பில் திருத்தமும் வேண்டாம். தனியாகப் போன் செய்து, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடவில்லையே என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் மஞ்சளைப் பற்றி விவாதம் செய்துகொண்டிருக்காமல், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், மஞ்சளைப் பற்றி டாக்டரிடமே கேட்டுவிடச் சொல்லுங்கள்.