ஃபெவிகால் டப்பாவைத் திறந்து பாருங்கள்: அக்ரிலிக் பெயின்ட் பற்றிய சில கேள்விகள்

நேற்று பாதி வானம் தீட்டினேன். இன்று அதே நீலத்தைக் கலந்து மீதியைத் தீட்டினால் இரண்டு நீலமும் பொருந்தவே இல்லை. பெயின்ட் கெட்டுவிட்டதா?
— வாசகி, மதுரை

பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஃபெவிகால் இருந்தால் திறந்து பாருங்கள். டப்பாவில் பால் வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. அக்ரிலிக்கும் அப்படித்தான். அதில் நிறத்தூளைப் பிடித்துவைப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். ஈரமாக இருக்கும்போது அந்தப் பால் வெள்ளை உங்கள் நீலத்தை வெளுப்பாகக் காட்டும். தண்ணீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, தெளிவான படலமாகிவிடும். வெள்ளை போய்விடும், நீலம் ஒரு படி இருண்டு நிற்கும்.

நேற்று காய்ந்துபோன நீலத்தோடு இன்றைய ஈர நீலத்தை ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? கலந்ததை ஓர் அட்டைத் துண்டில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்து, அதன் பிறகு வானத்தின் அருகே பிடித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, முழு வானத்துக்கும் வேண்டியதை முதல் நாளே கலந்து, இறுக்கமான மூடி போட்ட சின்ன டப்பாவில் எடுத்துவைப்பது.

வாட்டர்கலர் மாதிரி நிறையத் தண்ணீர் விட்டுத் தீட்டலாமா? கேன்வாஸில் தீட்டியதை ஈரத்துணியால் தொட்டதும் நிறம் வந்துவிட்டது.
— கல்லூரி மாணவர், கோவை

தண்ணீர் மிஞ்சினால் அந்தத் துளிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நின்றுவிடும். படலம் உருவாகாது, நிறத்தூள் வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும். தாளில் இது பெரிய சிக்கல் இல்லை. நார்கள் தூளைப் பிடித்துக்கொள்ளும். கேன்வாஸில் மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் அக்ரிலிக் மீடியம் வாங்கிக் கலக்குங்கள். அது நிறம் சேர்க்காத அதே பிளாஸ்டிக்தான், எவ்வளவு சேர்த்தாலும் பிடிப்பு குறையாது.

மே மாத வெயிலில், தட்டில் பிதுக்கிய பெயின்ட் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடுகிறது.
— வாசகர், திருநெல்வேலி

மின்விசிறிக் காற்று தட்டின் மேல் படாமல் உட்காருங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, அங்கே பெயின்ட்டைப் பிதுக்குங்கள். மூடிவைத்தால் மறுநாளும் மென்மையாக இருக்கும்.

பிரஷ்ஷைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். முடியும் உலோகப் பட்டையும் சேரும் இடத்தில் பெயின்ட் காய்ந்தால் பிரஷ் விரிந்துபோய்விடும், திரும்பச் சேராது. தீட்டி முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

24 நிறங்கள் உள்ள செட் வாங்கலாமா?
— இல்லத்தரசி, சேலம்

வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஆறு நல்ல டியூப்கள்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் மெஜந்தா, பர்ன்ட் அம்பர். வெள்ளையைப் பெரிய டியூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் அம்பரைக் கலந்தால் கடையில் விற்கும் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு கிடைக்கும்.

டியூபில் ‘ஹியூ’ என்று இருந்தால், பெயரிலுள்ள நிறத்தூளுக்குப் பதில் வேறு தூள் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழகுபவர்களுக்கு அது போதும். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த அசல் நிறங்களை வாங்கினால் பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆயில் பெயின்ட்தான் நிஜமான ஓவியம் என்கிறார் என் மாமா. அவருடைய பழைய ஆயில் கேன்வாஸின் மேல் அக்ரிலிக் தீட்டலாமா?
— பள்ளி மாணவி, தஞ்சாவூர்

தீட்டாதேம்மா. எண்ணெய்ப் பரப்பில் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, பின்னால் உரிந்துவிடும். காய்ந்த அக்ரிலிக்கின் மேல் ஆயில் தீட்டினால் நிற்கும். மாமாவுக்கு ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1967-இல் தீட்டிய ‘எ பிகர் ஸ்பிளாஷ்’ ஓவியத்தைக் காட்டு. கலிஃபோர்னியா நீச்சல் குளம், தண்ணீர் தெறிக்கும் ஒரு கணம். அது அக்ரிலிக்தான். நொடியில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பைத் தீட்ட அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருவதற்குள், பீரோவில் அடுக்கிய ஓவியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆறு மாதம் முன்பே காய்ந்தவை அவை!
— வாசகி, வேலூர்

படிக்கவே மனம் கஷ்டப்பட்டது. நானும் இப்படி இரண்டு ஓவியங்களை இழந்திருக்கிறேன். காய்ந்த அக்ரிலிக்கும் பிளாஸ்டிக்தான் என்பதால் சூட்டில் இளகும். எடையோடு முகத்துக்கு முகம் அழுத்தினால் ஒட்டும். பபிள் ராப் சுற்றினால் குமிழிகளின் தடம்கூடப் பதிந்துவிடும்.

பிய்த்து எடுக்காதீர்கள். ஏ.சி. அறையில் சில மணி நேரம் வைத்து, படலம் சற்று இறுகியதும் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், அதிகக் குளிரில் அக்ரிலிக் விறைத்து வெடிக்கும். இனிமேல் ஓவியங்களைப் புத்தகம் போல நிமிர்த்தி, இடைவெளி விட்டு வையுங்கள். அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இடையில் கேக் வேகவைக்கும் சிலிகான் பூசிய தாளை வையுங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், எழுத்தும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.