வாளியும் வேலையும்

கடிதம்:

வணக்கம். கிணற்றில் அள்ளிய வாளியைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டாரோடு பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நின்றேன். கை விட்டுப்போச்சு. சாதாரணதரம் படிக்கும் பேரன் சொல்கிறான், "அப்பப்பா, நிண்ட நேரம் நீங்கள் செய்த வேலை பூச்சியம்." பிறகேன் கை நோகுது? எங்கள் சொல்லை எடுத்து எங்களையே மடக்கினால் எப்படி?

வாசகர், கோப்பாய்

பதில்:

அன்புள்ள ஐயா,

பேரனுக்குப் புள்ளி போடத்தான் வேண்டும். பௌதிகவியலில் வேலை என்பது விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவது. வாளி நகரவில்லை, ஆகவே பூச்சியம். ஆனால் கிணற்றிலிருந்து இழுத்தீர்களே, அது வேலை: 10 கிலோ வாளியைத் தூக்க ஏறத்தாழ 100 நியூற்றன் விசை வேண்டும்; 5 மீற்றர் என்றால் கிட்டத்தட்ட 500 யூல் (வேலைக்கும் சக்திக்கும் அதுதான் அலகு). தேத்தண்ணிக்குப் போடும் சீனியில் ஒரு கிராமிலேயே ஏறத்தாழ 16,000 யூல் உண்டு. சும்மா நின்றபோதும் அப்படி உணவில் கிடைத்த சக்தி செலவானது. தசை நார்கள் ஓயாமல் சுருங்கித் தளர்ந்துதான் வாளியைப் பிடித்திருந்தன; போனதெல்லாம் சூடாகப் போயிற்று. கிணற்றுக்கட்டில் வைத்திருந்தால் கட்டுக்கு நோவில்லை.

என்னைக் குழப்பியது வேறொரு சொல்: நிறை. எங்கள் இலங்கைப் பாடநூலில் பொருளிலுள்ள சடத்தின் அளவு திணிவு, கிலோகிராமில். புவி அதை இழுக்கும் விசை நிறை, நியூற்றனில். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ எங்கள் திணிவுக்குத்தான் நிறை என்று பெயர். எங்கள் நிறை அங்கே எடை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயத்தின் நிறை கேட்டால் கிலோவில்தான் சொல்வார்கள். அது சென்னையில் சரி, எங்கள் சோதனைத்தாளில் பிழை! கதி, வேகம் கதையும் இதேதான்: திசை பாராத எங்கள் கதி அங்கே வேகம், திசையும் சேர்ந்த எங்கள் வேகம் அங்கே திசைவேகம்.

ஆகவே சொல்லைக் களவெடுத்ததாக நான் கோபிக்கமாட்டேன். ஊர்ச்சொல்லைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறார்கள். எல்லைக்கல் எங்கே என்பதில்தான் இரு கரைக்கும் வழக்கு. ஊர்ச்சொல்லே வேண்டாமென்றும் ஒரு வழி உண்டு. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1875இல் வந்த தன் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். அதில் யாரும் மயங்க இடமில்லை. ஆனால் அந்தச் சொல்லை இன்று யார் சொல்கிறார்கள்?

பேரனிடம் ஒன்று கேளுங்கள்: சந்தைத் தட்டுத்தராசை நிலவுக்குக் கொண்டுபோனால் அதே வெங்காயத்துக்கு அதே படிக்கல்தான் ஈடாகும், வில்தராசு மட்டும் ஏன் குறைத்துக் காட்டும்? அவன் யோசித்துச் சொல்லும்வரை வாளி அவன் கையிலேயே இருக்கட்டும்.