செம்மறிக் கிடா வெள்ளாட்டுடன் சேர்ந்தால் குட்டி பிறக்குமா?

கேள்வி: வெள்ளாடுகளையும் மேச்சேரி செம்மறிகளையும் ஒரே பட்டியில்தான் அடைக்கிறேன். நேற்று பருவத்திற்கு வந்திருந்த வெள்ளாட்டின் மீது செம்மறிக் கிடா ஏறிவிட்டது. கலப்புக் குட்டி பிறக்குமா?

பதில்: பிறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சினையே பிடிக்காது என்று இருந்துவிடாதீர்கள்; சிக்கல் அங்கேதான். வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. பாதிக்குப் பாதி சேர்ந்து 57 குரோமோசோமுடன் கரு உருவாகிவிடும்; பெரும்பாலும் இரண்டரை மாதத்திற்குள் அழிந்தும்விடும். எண்ணிக்கை ஒவ்வாதது மட்டுமே காரணமன்று. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. ஆனாலும் கோவேறு கழுதை 63 குரோமோசோமோடு திடமாகப் பிறந்து மூட்டை சுமக்கிறது, இனம் பெருக்க முடியாது என்பதுதான் குறை. ஆட்டிலோ, தாயின் உடலே அந்நியக் கருவின் நஞ்சுக்கொடியை எதிர்க்கிறது.

விதிவிலக்கு உண்டு. போட்ஸ்வானாவில் இதேபோலச் செம்மறிக் கிடாவுக்கும் வெள்ளாட்டுக்கும் ஓர் ஆண் குட்டி பிறந்தது 2000-இல் பதிவாகியிருக்கிறது. மேலே முரட்டு முடி, அடியில் கம்பளி. மலட்டுக் கிடாதான், ஆனாலும் செம்மறி, வெள்ளாடு என்று பாராமல் ஓயாமல் ஏறித் தொல்லை கொடுத்ததால் கடைசியில் காயடித்துவிட்டார்கள்!

நேற்றைய தேதியைக் குறித்து வையுங்கள். சுமார் 21 நாளில் ஆடு மீண்டும் பருவத்திற்கு வந்தால் வெள்ளாட்டுக் கிடாவிடம் விடுங்கள். வராவிட்டால் ஒன்றரை மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது. சும்மா காத்திருந்தால் இரண்டு மூன்று மாதம் வீணாகும். இடையில் கரு விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கலப்புதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம். கன்று வீச்சு நோயிலும் இப்படி விழும். அது மனிதருக்கும் தொற்றும்.

கலப்புக் குட்டி என்று சிலர் காட்டுவது பல நேரம் சாதாரணச் செம்மறிக் குட்டிதான். மேச்சேரிக்குக் கம்பளி கிடையாது, முடிதான் என்பதால் கண் ஏமாறும். வாலைப் பாருங்கள்: வெள்ளாட்டுக்கு நிமிர்ந்திருக்கும், செம்மறிக்குத் தொங்கும்.

உங்கள் ஆடு 150 நாள் கழித்து வால் நிமிர்ந்த, துள்ளுகிற குட்டியைப் போட்டால், பக்கத்துத் தோட்டத்து வெள்ளாட்டுக் கிடா எப்போது வேலி தாண்டி வந்தது என்று விசாரியுங்கள்.